அலமாரி ஸ்பீக்கரைத் திறக்கலாமா? வடசென்னை வீடுகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பழைய மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர். பல ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் கழிகின்றன. அக்கம்பக்கத்தவர், சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நண்பர்கள், அவர்கள் அனுப்பிவைத்தவர்கள் எனப் பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே புத்தக அலமாரியில் அடங்கும் சிறிய ஸ்பீக்கர்களைப் பற்றியவை: தாழ்ந்த சுரத்துக்கு ஒரு வூஃபர், உயர்ந்த சுரத்துக்கு ஒரு ட்வீட்டர், ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறக்கூடிய ஒரு மரப்பெட்டி.

பேஸ் ஒரே இரைச்சலாக, தொம் தொம் என்று கேட்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?

பாகத்தை விடுங்கள், முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். நம் பகுதி வீடுகளில் கூடம் பெரும்பாலும் 10 அடிக்கு 10 அடி. இரண்டு சுவர்களுக்கு நடுவே 10 அடி இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸில் அறையே சேர்ந்து முழங்கும். அறை சதுரமாக இருந்தால் நீளம், அகலம் இரண்டும் அதே சுரத்தைத் தூக்கிவிடும். போதாததற்குப் பீரோவுக்கும் சுவர் மூலைக்கும் நடுவே பெட்டியைச் செருகி வைத்திருப்போம். மூலை என்பது தாழ்ந்த சுரங்களை ஊதிப் பெரிதாக்கும் இடம்.

பெட்டியை மூலையிலிருந்து ஒன்றிரண்டு அடி நகர்த்துங்கள். ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரட்டும். அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நான்கு துண்டுகள் வையுங்கள். பெட்டியின் அதிர்வு மரப் பலகைக்குப் போவது குறையும். பிறகு பழகிய ஒரு பாட்டைக் கேளுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி தனியாகவும் வலப்பக்க வலந்தலை தனியாகவும் பிரிந்து கேட்டால் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. என்னிடம் வந்தவர்களில் பலருக்கு இத்துடனேயே வேலை முடிந்துபோனது. திருகாணியைத் தொடவே இல்லை.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

வூஃபர், ட்வீட்டர், கொஞ்சம் பஞ்சு, நான்கைந்து ஒயர், கிராஸ்ஓவர் என்ற சிறிய பலகை. தாழ்ந்த சுரத்தை வூஃபருக்கும் உயர்ந்த சுரத்தை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது அந்தப் பலகையின் வேலை. அதில் கண்டென்சர், காயில், ரெசிஸ்டர் மூன்றும் இருக்கும். மலிவான பெட்டியில் ஒரே ஒரு கண்டென்சர் மட்டும் ட்வீட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எதை முதலில் மாற்றுவது?

பெட்டிக்கு 15, 20 வயது ஆகியிருந்தால் கண்டென்சரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் நாம் மோட்டாரையா மாற்றுகிறோம்? கண்டென்சரைத்தானே மாற்றுகிறோம். ஸ்பீக்கரிலும் அப்படித்தான். கிராஸ்ஓவரில் பெரும்பாலும் இருப்பது துருவம் இல்லாத, அதாவது பிளஸ் மைனஸ் பார்க்காமல் இணைக்கக்கூடிய, எலக்ட்ரோலிட்டிக் வகை. சிறிய உருளை, கறுப்பு அல்லது நீல உறை. உள்ளே ஈரமான வேதிப்பொருள் இருக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் உலரும்போது கண்டென்சரின் உள்தடை ஏறும், அளவும் பிசகும். ட்வீட்டர் மங்கும். சிங்கியின் ஓசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, அதனால் கூடவே வாழும் நமக்குத் தெரிவதும் இல்லை.

மாற்றும்போது அளவை மாற்றாதீர்கள். நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோ ஃபாரட் இருந்தால், கணக்குப்படி சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதை அது ட்வீட்டருக்கு விடுகிறது. அதையே 3.3 ஆக்கினால் எல்லை 6,000 ஹெர்ட்ஸுக்குத் தாவும். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். பெரிதாக்கினால் ட்வீட்டருக்குத் தாங்க முடியாத தாழ்ந்த சுரங்கள் போய், காயில் கருகும். கடையில் மைக்ரோ ஃபாரட் என்று கேட்க வேண்டியதில்லை; 'நாலு புள்ளி ஏழு எம்எஃப்டி, நான் போலார், 100 வோல்ட்' என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு 100 வோல்ட் தாராளம். 8 ஓமில் 100 வாட் ஓடினாலே உச்சம் 40 வோல்ட்தான்.

பழைய கண்டென்சரைப் பலகையில் இருக்கும்படியே அளந்தால் தவறான எண் வரும். ஒரு காலையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். வலது, இடது இரண்டு பெட்டிகளுக்கும் வாங்கும்போது நான்கைந்தை அளந்து, ஒத்த அளவில் இரண்டைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். குரல் நட்டநடுவில் நின்று பாடுவதற்கு இந்தச் சின்னப் பொறுக்கல் உதவுகிறது.

கேட்ட அளவு கிடைக்கவில்லையா? இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் அளவு கூடும். 6.8 தேவைப்படும் இடத்தில் 4.7, 2.2 இரண்டையும் சேர்த்து 6.9 ஆக்கலாம். அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது.

ஃபேன் கண்டென்சரையே போடலாமா? வீட்டுப் பக்கத்து எலக்ட்ரிக் கடையில் கிடைக்கிறதே.

போடலாம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் வியாசர்பாடியில் ஒயரிங் வேலை செய்யும் தம்பி. நல்ல கேள்வி. ஃபேன் கண்டென்சர் பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் வகையைச் சேர்ந்தது. கிராஸ்ஓவருக்கென்று தனியாக விற்கும் நல்ல கண்டென்சரும் அதே வகைதான். 440 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்தது, ஸ்பீக்கருக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு வலுவானது. 2.5, 3.15 போன்ற அளவுகளில் வரும். உங்கள் பலகையில் இருப்பதற்கு ஒத்துவந்தால் தயங்க வேண்டாம். உருவம் பெரிது, அதனால் பெட்டிக்குள் ஆடாமல் பசையும் கேபிள் டையும் கொண்டு இறுக்குங்கள். புதியதாக மட்டும் வாங்குங்கள். ஃபேனிலிருந்து கழற்றிய பழையது அளவு குறைந்ததால்தானே கழற்றப்பட்டது.

விலையுயர்ந்த ஃபிலிம் கண்டென்சர் போட்டால் ஒலி வேறு உலகத்துக்குப் போய்விடும் என்கிறார்களே?

செத்துப்போன எலக்ட்ரோலிட்டிக்கின் இடத்தில் எந்த நல்ல ஃபிலிம் கண்டென்சரைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியும். சாதாரண விலை ஃபிலிமுக்கும் பத்து மடங்கு விலை ஃபிலிமுக்கும் நடுவே, இரண்டின் அளவும் ஒன்றாக இருக்கும்போது, எது எது என்று தெரியாமல் கேட்டு என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. அந்தப் பணத்தில் ஒலியை அளக்கும் ஒரு நல்ல அளவை மைக் வாங்கச் சொல்வேன்.

இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டும். எலக்ட்ரோலிட்டிக்கின் உள்தடையையும் கணக்கில் சேர்த்துத்தான் சில வடிவமைப்பாளர்கள் ட்வீட்டரின் ஒலி அளவை வைத்திருப்பார்கள். ஃபிலிமின் உள்தடை மிகக் குறைவு. அரை ஓம் காணாமல் போனால் 8 ஓம் ட்வீட்டர் சுமார் அரை டெசிபெல் ஏறிவிடும். எண் சிறியதுதான், ஆனால் மேல் சுரங்கள் முழுவதும் ஒரே சீராக ஏறுவதால் 'ஸ', 'ச' எழுத்துகள் குத்தும். என் முதல் ஜோடியில் இது நடந்தது. இரண்டு நாள் தலைவலியோடு கேட்டுவிட்டு, வரிசையில் 0.47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். குரல் பழையபடி இறங்கி உட்கார்ந்தது.

காயிலை மாற்றலாமா?

கெட்டுப்போகாத பொருளை மாற்ற வேண்டாம். செம்புக் கம்பிச் சுருள் எளிதில் கெடாது. இரும்பு நடுக்கட்டை உள்ள காயிலை எடுத்துவிட்டுக் காற்றுக் காயில் போட்டால் அளவு ஒன்றாக இருந்தாலும் கம்பியின் தடை மாறிவிடும், பேஸின் இறுக்கமும் மாறும். பலகையைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: இரண்டு காயில்களை ஒட்டி ஒரே திசையில் படுக்க வைக்கக் கூடாது. ஒன்றைக் கிடத்தினால் மற்றதை நிறுத்துங்கள், இடைவெளியும் விடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் காந்தப் புலம் மற்றொன்றில் நுழையும்.

உள் ஒயரை மாற்றினால்?

ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் தடிமனும் உள்ள செம்பு ஒயரின் தடை சுமார் 0.017 ஓம். பெட்டிக்குள் போய்வரும் தூரம் மொத்தமே அவ்வளவுதான். 8 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஒயர் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள். வேறு காரணம் தேவையில்லை.

பெட்டியின் பின்புற டெர்மினல் பச்சையாகிவிட்டது. காசிமேட்டில் வீடு.

உப்புக் காற்று. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரம் குடியிருக்கும் எல்லோருடைய பெட்டியிலும் இது நடக்கும். பித்தளையிலும் செம்பிலும் களிம்பு ஏறி, தொடும் இடத்தில் தடை கூடுகிறது. சில நேரம் ஒரு பெட்டி திடீரென்று ஊமையாகி, ஒயரை அசைத்தால் உயிர் பெறும். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். ஒயர் முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புதிதாகத் தோலுரியுங்கள். உள்ளே வூஃபருடன் செருகி இணைத்திருக்கும் கிளிப்பையும் பாருங்கள். பலர் வெளியே மட்டும் துடைத்துவிட்டு உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்துக்கும் இதே வைத்தியம்தான்.

வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். உங்கள் வூஃபருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் விளிம்பு மட்டும்தான் போயிருக்கிறது. பாலியூரித்தேன் ஃபோம் ஈரக் காற்றில் தானாகச் சிதையும். பயன்படுத்தாமல் அட்டைப் பெட்டியில் மூடி வைத்திருந்தாலும் சிதையும். சென்னைக் கடற்கரைக் காற்றில் அதற்கு ஆயுள் குறைவு. ரப்பர் விளிம்பு நீண்ட நாள் தாங்கும், அதனால் புது விளிம்பு வாங்கும்போது ரப்பரில் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். முதலில் ஃபோமாக இருந்த இடத்தில் ஃபோமையே போடுங்கள். ரப்பர் கனமானது, கோனின், அதாவது ஒலி எழுப்ப அசையும் கூம்பின், அசையும் எடை கூடி வூஃபரின் குணமே மாறிவிடும்.

இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோனின் வெளி விட்டம், இரும்புச் சட்டத்தில் விளிம்பு ஒட்டும் வளையத்தின் விட்டம். கடையில் அங்குலக் கணக்கில் 'ஆறரை அங்குல எட்ஜ்' என்று கொடுப்பார்கள், ஆனால் ஒரே அங்குலத்தில் பல அளவுகள் உண்டு. பழைய ஃபோமையும் பசையையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாகச் சுரண்டுங்கள். வேலையின் பாதி நேரம் இதற்கே போகும். முதலில் விளிம்பைக் கோனுடன் ஒட்டி முழுதாகக் காயவிடுங்கள். பிறகுதான் சட்டத்துடன் ஒட்ட வேண்டும்.

அந்த இரண்டாவது ஒட்டலில்தான் எல்லாமே இருக்கிறது. நடுவிலிருக்கும் வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச் சுருள், காந்தத்தின் மெல்லிய இடுக்கில் எங்கும் உரசாமல் நிற்க வேண்டும். நான் கோனின் நடுவே மூடியிருக்கும் டஸ்ட் கேப்பைக் கூரிய பிளேடால் மெல்லக் கழற்றி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றுகளாக வெட்டி, நான்கு திசையிலும் காயிலின் உள்ளே செருகி நிறுத்துகிறேன். அதன்பின் சட்டத்துடன் ஒட்டி, ஒரு நாள் அப்படியே விட்டு, கீற்றுகளை உருவி டஸ்ட் கேப்பைத் திரும்ப ஒட்டுகிறேன். காய்ந்த பிறகும் வளையும் பசைதான் வேண்டும். நொடியில் ஒட்டும் பசை கல்லாக இறுகி ஃபோமையே கிழித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை நான் வைத்துக்கொள்வதில்லை, பசை காயவே காயாது.

முடிந்ததும் இரண்டு கட்டைவிரல்களால் கோனை எதிரெதிர்ப் பக்கத்தில் சமமாக அழுத்திக் காதை அருகில் வையுங்கள். மணல் உரசும் ஓசை சிறிது கேட்டாலும் பசையை இளக்கி மறுபடி செய்யத்தான் வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்கள் கோன் மாற்றித் தரும் ரீகோனிங் கடையில் கொடுத்துவிடலாம். திருவிழாவுக்குப் பெரிய ஸ்பீக்கர்களைச் செய்துகொடுக்கும் கைகள் அவை, நேர்த்தியாகச் செய்வார்கள். 'கோனை மாற்ற வேண்டாம், எட்ஜ் மட்டும்' என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

நல்ல ட்வீட்டர் ஒன்று கையில் இருக்கிறது. பழையதை எடுத்துவிட்டு அதை மாட்டிவிடலாமா?

ஓட்டை அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக மாட்டிவிட முடியாது. மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, உணர்திறன், அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு ஒலி தருகிறது என்பது. புது ட்வீட்டர் பழையதைவிட 3 டெசிபெல் கூடுதல் என்றால், அதே ஒலிக்கு அதற்குப் பாதி வாட் போதும், உங்கள் பெட்டியில் அது வூஃபரை அமுக்கிவிடும். இரண்டு ரெசிஸ்டர் வைத்து இறக்கலாம். இரண்டு, ஓம். 8 இருந்த இடத்தில் 4 வந்தால் கண்டென்சரின் எல்லையே இரட்டிப்பாகிவிடும். மூன்று, அதன் சொந்த அதிர்வு எண். அதற்கு இரண்டு மடங்காவது மேலே கிராஸ்ஓவர் எல்லை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குரல் உயரும்போது ட்வீட்டர் கத்தும்.

பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் ஓர் அடிதான். இன்றும் உலகம் முழுவதும் தேடி வாங்குகிறார்கள். அதற்கு வூஃபரும் ட்வீட்டரும் செய்து கொடுத்தது கெஃப் நிறுவனம். 1980களின் இறுதியில் அந்த ஸ்பீக்கர்களில் திருத்தம் வந்தபோது, பழைய கிராஸ்ஓவரை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை, புதிதாக வடிவமைத்தார்கள். பெட்டியின் ஓம் அளவே 15லிருந்து 11 ஆனது. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே நிறுவனத்தின் ஸ்பீக்கர். அதற்கே அப்படியென்றால், எங்கிருந்தோ வந்த ஒரு ட்வீட்டர் உங்கள் பலகையுடன் தானாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

வூஃபர் இன்னும் கடினம். அதற்குப் பெட்டியின் கொள்ளளவும் பெட்டியில் காற்று போய்வரும் குழாயான போர்ட்டின் நீளமும் பொருந்த வேண்டும். இந்தப் பொருத்தத்தை எண்ணாக எழுதிக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீலின் கட்டுரை 1961இலும் ஸ்மாலின் கட்டுரைகள் 1970களின் தொடக்கத்திலும் வந்தன. இன்றும் வூஃபரின் தகவல் தாளில் தீல்-ஸ்மால் எண்கள் என்று அச்சாகின்றன. அந்தத் தாள் இல்லாத வூஃபரை நான் பெட்டியில் மாட்டுவதில்லை.

கருகிய ட்வீட்டருக்கு அதே மாடல் மாற்று கிடைத்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், வாங்கி மாட்டிவிடுங்கள்.

என் பெட்டியில் ஒரு கண்டென்சரைத் தவிர வேறு எதுவுமே இல்லை. முழுக் கிராஸ்ஓவர் போட்டால் நன்றாக இருக்குமா?

நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். மலிவான பெட்டியில் வூஃபருக்கு எந்தத் தடுப்பும் இல்லாமல் எல்லாச் சுரமும் போகிறது. பெரிய கோன் உயர்ந்த சுரங்களைச் சரியாக அசைக்க முடியாமல் கரகரக்கும். வூஃபருக்கு ஒரு காயில் சேர்த்தால் அது அடங்கும். 8 ஓமுக்கு 3,000 ஹெர்ட்ஸ் எல்லை வைக்கக் கணக்கு 0.42 மில்லிஹென்றி என்று சொல்லும்.

ஆனால் கணக்கு சொல்லும் 8 ஓம் வூஃபரில் நிஜமாக இல்லை. சுரம் ஏற ஏற வாய்ஸ் காயில் மின்சாரத்துக்குக் காட்டும் மறிப்பும் ஏறிக்கொண்டே போகும், நீங்கள் சேர்த்த காயில் வேலை செய்யாததுபோல் தோன்றும். அதற்கு வூஃபரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் வரிசையாக இணைப்பார்கள். மல்டிமீட்டரில் காட்டும் வூஃபரின் நேர்மின் தடை 5.6 ஓம் என்றால் அதை 1.25ஆல் பெருக்கி 7 ஓம், கடையில் 6.8 கிடைக்கும். வாய்ஸ் காயில் 0.5 மில்லிஹென்றி என்றால் கண்டென்சர் சுமார் 10 மைக்ரோ ஃபாரட். ரெசிஸ்டர் 10 வாட் சிமெண்ட் வகையாக இருக்கட்டும், சூடாகும்.

இவ்வளவும் தொடக்கம் மட்டுமே. முடிவை அளந்துதான் தீர்மானிக்க வேண்டும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், கணினியில் செருகும் ஓர் அளவை மைக்கும் போதும். பகலில் எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகள் ஓடும்போது அளந்தால் தாழ்ந்த சுரங்களின் கோடு முழுவதும் குப்பையாக வரும். நான் விடியற்காலையில், அக்கம்பக்கம் விழிக்காத அளவுக்குத் தணிந்த ஒலியில் அளக்கிறேன்.

பெட்டிக்குள் பஞ்சு எவ்வளவு வைக்க வேண்டும்? எந்தப் பஞ்சு?

முதலில் விரல் முட்டியால் பெட்டியின் பக்கச் சுவரைத் தட்டுங்கள். 'டொக்' என்று வறண்டு கேட்டால் நல்லது. தகர டப்பாவைத் தட்டியதுபோல் முழங்கினால் அந்தப் பலகை பாட்டோடு சேர்ந்து தானும் பாடிக்கொண்டிருக்கிறது. மரக்கடையில் இரண்டு சென்டிமீட்டர் ரீப்பர் கட்டை ஒரு துண்டு வாங்கி, இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே சரியாக இறுகும்படி அறுத்து, ஃபெவிகால் தடவி முட்டுக் கொடுங்கள். நட்டநடுவில் வைக்காமல் சற்று விலக்கி வையுங்கள். செலவைப் பார்த்தால் நான் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது இந்த முட்டுதான். புது பாகம் எதுவும் வாங்காமல் மிருதங்கத்தின் விரலடி தெளிவாக விழுந்தது.

பஞ்சுக்கு மெத்தைக் கடையில் ரெக்ரான் என்ற செயற்கைப் பஞ்சைக் கேளுங்கள். இலவம் பஞ்சு வேண்டாம். நாளடைவில் தூளாகப் பறந்து வூஃபரின் பின்புறத்தில் படியும். மூடிய பெட்டி என்றால் ஒரு லிட்டர் கொள்ளளவுக்குச் சுமார் 10 கிராம் என்று தொடங்கி, அமுக்காமல் பிரித்து நிரப்புங்கள். போர்ட் உள்ள பெட்டியில் அப்படி நிரப்பினால் போர்ட் வேலை செய்யாது. சுவர்களில் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு ஒட்டி, போர்ட்டின் உள்வாயையும் வூஃபரின் முதுகையும் திறந்து விடுங்கள்.

கசிவையும் பாருங்கள். மூடிய பெட்டியில் கோனை மெல்ல அழுத்திவிட்டால் அது நிதானமாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று போகிறது. டெர்மினல் தட்டின் ஓரமும் வூஃபரின் கீழ் விளிம்பும்தான் வழக்கமான இடங்கள். கதவு, ஏசி இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பே போதுமானது. மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் திருகாணி ஓட்டை தளர்ந்திருந்தால் தீக்குச்சி மரத்தை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, காய்ந்தபின் திருகுங்கள்.

போர்ட் வழியாகப் பல்லி போய்விட்டது.

வூஃபரைக் கழற்றித்தான் வெளியே விட வேண்டும். கேட்காத நாட்களில் போர்ட்டில் ஒரு ஸ்பாஞ்சு உருண்டையைச் செருகி வையுங்கள். கொசுவலையை நிரந்தரமாக ஒட்டினால் பேஸில் காற்றிரைச்சல் வரும்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரையும் இப்படித் திறக்கலாமா?

பழக்கம் இல்லாதவர் திறக்க வேண்டாம். அதற்குள் 230 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை கண்டென்சர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். இந்தப் பக்கத்தில் சொன்னவை எல்லாம் ஒயரால் ஆம்ப்ளிஃபயருடன் இணைக்கும் பெட்டிகளுக்கு மட்டும்.

என்னென்ன கருவி வேண்டும்? எங்கே வாங்குவது?

25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ள 60/40 ஈயம், கண்டென்சரையும் அளக்கும் மல்டிமீட்டர், நல்ல ஸ்க்ரூ டிரைவர். முதலில் பலகையின் காலைச் சூடாக்கி, பிறகு அதில் ஈயத்தைத் தொடுங்கள். ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கிக் கொண்டுபோய் அப்பினால் ஒட்டியதுபோல் இருக்கும், ஆறு மாதத்தில் விட்டுவிடும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வூஃபரின் காந்தம் ஸ்க்ரூ டிரைவரை வெடுக்கென்று இழுத்துக் கோனைக் குத்தவைத்துவிடும். ஒரு கை எப்போதும் கோனுக்கு மேல் காவலாக இருக்கட்டும்.

பாகங்களுக்கு ரிச்சி தெருதான். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எதிலிருந்தும் மெட்ரோவில் மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வார நாளில் போங்கள். பழைய கண்டென்சரைக் கையோடு எடுத்துச் சென்று காட்டினால் பேச்சு குறையும்.

மாற்றியபின் நூறு மணி நேரம் ஓடவிட வேண்டுமாமே?

புது வூஃபரின் விளிம்பும், கோனைப் பின்னாலிருந்து தாங்கும் மடிப்புத் துணியான ஸ்பைடரும் முதல் சில மணி நேரங்களில் கொஞ்சம் இளகும், அது உண்மை. கண்டென்சருக்கும் ஒயருக்கும் அப்படி எதுவும் இல்லை. நூறு மணி நேரத்தில் பழகுவது நம் காது.

நான் செய்தது பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு பெட்டிகளையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தி, பேலன்ஸ் திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி ஒரே பாட்டைக் கேளுங்கள். தொட்ட பெட்டிக்கும் தொடாத பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் நேராகத் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டால் நேற்றைய ஒலியை நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். செலவழித்த பணத்துக்கு ஏற்றபடி நினைவு மாறிவிடும். வீட்டில் வேறு ஒருவரை பேலன்ஸைத் திருகச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்பது இன்னும் நல்லது. என் மனைவி எனக்காக இதைச் செய்வார். பெரிய மாற்றம் என்று நான் நம்பிய இரண்டு வேலைகள் அப்படிக் கேட்டதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்து, பழைய பாகத்தையே திரும்ப வைத்தேன்.

தம்புரா, தனிக் குரல், மிருதங்கம், நாகஸ்வரம் என நீங்கள் பல முறை கேட்டுப் பழகிய பதிவுகளை வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாட்டில் சோதிக்க வேண்டாம். கானா பிடிக்கும் என்றால் டேப் என்ற தோல் வாத்தியத்தின் அடியும் குரலும் மட்டும் உள்ள ஒரு பதிவு போதும். குரல் அடிக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் போகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடித்து மூடினேன். பேஸே காணோம்.

ஒரு பெட்டியில் வூஃபரின் ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 1.5 வோல்ட் பேட்டரியை டெர்மினலில் நொடிப்பொழுது தொடுங்கள். பிளஸ் பக்கம் பிளஸைத் தொட்டால் வூஃபர் கோன் முன்னால் வர வேண்டும். இரண்டு பெட்டியிலும் பாருங்கள். ட்வீட்டரில் பேட்டரியை நேரடியாக வைக்காதீர்கள். ட்வீட்டரில் எந்தக் கால் பிளஸ் என்பதற்குக் கழற்றும் முன் கைப்பேசியில் எடுத்த படம்தான் சாட்சி. சில வடிவமைப்புகளில் ட்வீட்டரை வேண்டுமென்றே தலைகீழாக இணைத்திருப்பார்கள், அதைத் 'திருத்தி' விடாதீர்கள்.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

செத்தது, நல்லது எதுவானாலும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, எந்தப் பெட்டியில் எந்த இடத்தில் இருந்தது, அளந்தபோது என்ன எண் வந்தது, எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று எழுதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் ஸ்பீக்கரை என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே அவர் அப்பா பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய சீட்டு இருந்தது: '4.7, புதுசு, இரண்டு பக்கமும்'. எதைத் தொட வேண்டும் என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை.